கொட்டாவி விட்ட வாய்

நடிக்கிற நோயாளிகளைப் பிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. முப்பத்தோரு வருட நர்ஸ் வேலையில் நான் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு மயங்கி விழுந்த மருமகள், பரீட்சைக்குப் பயந்து கால் வரவில்லை என்று படுத்துக்கொண்ட காலேஜ் பெண், எல்லாரையும் ஐந்து நிமிடத்தில் எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். மயங்கிக் கிடப்பவரின் கையைத் தூக்கி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து விட்டுப் பார்க்க வேண்டும். நிஜ மயக்கம் என்றால் கை முகத்தின் மேலேயே விழும். நடிப்பு என்றால் ஒதுங்கிப் பக்கத்தில் விழும். தன் மூக்கில் தானே குத்திக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு இந்த வித்தையை யாராவது இந்நேரம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதப் போவது, இந்த வித்தை தெரிந்த திமிரில் நான் செய்த காரியத்தைப் பற்றி. இதில் நான் நன்றாக நடந்துகொள்ளவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாவம் சிஸ்டர், அவர் என்ன செய்வார்" என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வர வேண்டாம்.

கடைசிப் பத்து வருடம் எனக்குக் கொல்லிமலையில் வேலை. என் ஊர் கீழே சேந்தமங்கலம் பக்கம். மலைமேல் ஆறு கட்டில், ஒரு டாக்டர், முறை மாற்றி இரண்டு நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ். அந்த வண்டி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நாமக்கல்லில் விட்டுவிட்டுத் திரும்பி வர அரை நாள் ஆகிவிடும். அதற்குள் ஒரு பிரசவமோ பாம்புக்கடியோ வந்தால் கடவுள் விட்ட வழி. அதனால் யாரை இறக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் மேலே எங்களுடைய பெரிய தலைவலி. மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நான் சொல்லப்போகிற சம்பவத்துக்கு முந்தைய வருடம் ஒரு பெண்ணைப் பக்கவாதம் என்று நினைத்துக் கீழே இறக்கினேன். பாதி மலை இறங்குவதற்குள் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி டீ குடித்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் போன் செய்து, "என்ன சிஸ்டர், மலையிலிருந்து நடிகையெல்லாம் அனுப்புறீங்க" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. இனி ஒருத்தியிடமும் ஏமாறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை வெள்ளையம்மா வந்தார். எடப்புளி நாட்டில் ஒரு சின்னக் குக்கிராமம்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் சின்னப்பையனும் கல்யாணமாகாத மகள் செல்வியும் கூட்டி வந்திருந்தார்கள். டாக்டர் ஏதோ மீட்டிங் என்று கீழே போயிருந்தார். ஓ.பி. என் கையில் இருந்தது.

"என்னம்மா பண்ணுது?" என்று வெள்ளையம்மாவைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பதில் இல்லை.

"அவ பேச மாட்டாளுங்க சிஸ்டர்," என்றார் சின்னப்பையன். "மூணு நாளாச்சு. எம்மேல கோவம். சாமை வெதைக்கிற காட்ட உழுது குச்சிக்கெழங்கு நட்டுப்புட்டேன். அவ பொறந்த ஊட்டுல இருந்து வந்த வெதைங்க, அந்தச் சாமை. அன்னைக்கு ராத்திரி கத்துனா பாருங்க, அதோட சரி. காலையில இருந்து வாயத் தொறக்கல."

"இதுக்கு முன்னாடி இப்படி இருந்திருக்காங்களா?"

"இருக்காம என்ன? பலா மரத்த வித்ததுக்கு ஒரு வாட்டி நாப்பது நாளு எங்கூடப் பேசல. சோறு போடுவா, தண்ணி குடுப்பா, பேச மாட்டா. ஊருக்கே தெரியுமுங்க."

செல்வி குறுக்கிட்டாள். "அப்ப எங்கூடப் பேசுச்சுங்க சிஸ்டர். அப்பங்கூடத்தான் பேசல. இப்ப எங்கூடவும் பேசல. சோறும் உண்கல. எச்சில் வழியுது."

இந்தக் கடைசி மூன்று வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. அந்தப் பெண் எனக்கு நோயை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. பெற்றவர்கள் சண்டையில் பிள்ளை அம்மா பக்கம் பேசுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளையம்மாவைச் சோதித்தேன். தானாக நடந்துதான் உள்ளே வந்திருந்தார். இரண்டு கையாலும் என் விரல்களை இறுக்கிப் பிடித்தார். முகம் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாக, களையில்லாமல் இருந்தது. பக்கவாதம் என்றால் வாய் ஒரு பக்கம் கோணும் என்பதுதான் நான் படித்த பாடம். கோணவில்லை என்றால் பக்கவாதம் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை. பல்லைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். கையால் வாயைச் சுட்டிக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரி வளாகத்தில் மேய்கிற கோழி ஒன்று உள்ளே வந்து, மேஜையில் ஏறி, என் ஓ.பி. நோட்டின் மேல் எச்சமிட்டது. வெள்ளையம்மா சிரித்தார். உதடு விரிந்து, கன்னம் ஏறி, பல் தெரிந்த நல்ல சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து, நான் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்குக் கொட்டாவி வந்தது. வாய் முழுதாகத் திறந்தது. உள்நாக்குவரை தெரிந்தது.

அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. திறக்க முடியாத வாய் எப்படிக் கொட்டாவி விடும்? அசையாத உதடு எப்படிச் சிரிக்கும்? அகப்பட்டுக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நோயாளி முன்னால் நமக்கு அந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தால், எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

"ஒண்ணுமில்லீங்க, வீம்பு," என்றேன் சின்னப்பையனிடம். வெள்ளையம்மா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். "பட்டினி கெடந்து உங்கள வழிக்குக் கொண்டுவரப் பாக்கறாங்க. மூக்கையும் வாயையும் புடிச்சுக் கஞ்சிய ஊத்துங்க. ரெண்டு வேளை ஊத்துனா மூணாவது வேளை தானாப் பேசுவாங்க."

சொன்னதோடு விடவில்லை. ஒரு தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து, கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி, நானே ஊற்றிக் காட்டினேன். பாதி வெளியே வழிந்தது. மீதி உள்ளே போய்ப் புரையேறியது. கண்ணில் நீர் வரும்வரை இருமினார். பிறகு அழுதார். முகம் சுருங்கி, உதடு நடுங்கி அழுதார். பார்த்தீர்களா, முகத்தில் ஒரு குறையும் இல்லை என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அவருடைய முந்தானை முழுக்க எச்சிலில் ஊறிப்போயிருந்தது. அதையும் பார்த்தேன். ஓ.பி. சீட்டில் "நடிப்பு. உடம்பில் கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதிய பஸ்ஸில் போய்விட்டார்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் கெட்டிக்காரத்தனம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் வெள்ளையம்மாவை ஒரு பிக்கப் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சு இளைத்தது. நெஞ்சில் கொர கொரவென்று சத்தம். சின்னப்பையன் நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, நான்கு வேளை, கேழ்வரகுக் கஞ்சி.

அன்று டாக்டர் இருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். அது எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். ஊசியும் ஆக்சிஜனும் போடச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வெள்ளையம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணை மூடுங்கம்மா" என்றார். மூடவில்லை. சட்டென்று கண்ணுக்கு அருகில் கையைக் கொண்டுபோனார். இமை தானாக மூடித் திறந்தது. பிறகு செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது கை கால் வராமப் போயிருக்கா? கொஞ்ச நேரமா இருந்தாலும் சொல்லுங்க."

செல்வி யோசித்தாள். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பேளுக்குறிச்சி சந்தையில மொளகு மூட்டைய எறக்கறப்ப வலது கை துவண்டு போச்சுங்க சார். பேச்சும் கொஞ்சம் கொளறுச்சு. மலைக்கு வந்து சேர்றதுக்குள்ள சரியாயிருச்சு. வெயில்ல நின்னதுன்னு விட்டுட்டோம்."

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். அவர் அங்கே சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நாம் நினைத்து வாயைத் திறப்பதற்கும் உதட்டை அசைப்பதற்கும் மூளையின் மேல்பரப்பில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று கெட்டால் மற்றது ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் சந்தையில் வந்தது வந்த சுவடு தெரியாமல் போனது. இப்போது மறுபக்கத்து ரத்தக்குழாயும் அடைத்துக்கொண்டது. இனி "திற" என்கிற உத்தரவு வாய்க்கு வந்து சேராது. விழுங்கு என்பதும் வராது. கை கால் பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் அடைப்பு அந்த இடத்தைத் தொடவில்லை. ஆனால் சிரிப்பு, அழுகை, கொட்டாவி மூன்றும் நாம் நினைத்துச் செய்கிறவை இல்லை. அவை மூளையின் அடியாழத்திலிருந்து வேறு வழியாக முகத்துக்கு வருகின்றன.

"மலைக்கு ரெண்டு பக்கமும் ரோடு இருக்குல்ல," என்றார் சின்னப்பையனிடம். "இந்தப் பக்கம் மண் சரிஞ்சு அடைச்சா பஸ் அந்தப் பக்கமா வரும். ரெண்டும் அடைச்சுட்டா பஸ் வராது. ஆனா காட்டு வழியா ஆள் நடந்து வரலாம். ஆள் வந்துட்டார்ங்கறதுக்காக பஸ்ஸும் வரும்னு சொல்ல முடியாது."

சின்னப்பையன் உள்ளே கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவ வீம்பு புடிக்கலீங்களா?" என்றார்.

"இல்லீங்க. பேசணும்னுதான் பாத்திருப்பாங்க. காது நல்லாக் கேக்குது. நாம சொல்றது எல்லாம் புரியுது."

டாக்டர் என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "மூணு நாள் பேசாம நடிக்கலாம் சிஸ்டர். மூணு நாள் எச்சிலை விழுங்காம நடிக்க யாராலயும் முடியாது" என்றார். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பிறகு கையிலிருந்த ஓ.பி. சீட்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவங்க குடும்பத்துக்கு நீங்கதான் சொல்லணும், தப்பா கணிச்சுட்டேன்னு. நான் சொன்னா நல்லா இருக்காது." சரி என்றேன்.

ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். செல்விக்கு வளைவில் வாந்தி வரும் என்பதால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னப்பையன் மாட்டைக் கட்டிவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லி மேலே நின்றுவிட்டார். பின்னால் நானும் வெள்ளையம்மாவும்தான். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. நான் ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன், வளைவை எண்ணினேன், அந்தச் சீட்டில் எழுதியதை மேலதிகாரிகள் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க" என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அடிவாரம் நெருங்கும்போது அவருக்கு மறுபடி ஒரு கொட்டாவி வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாமக்கல்லில் இறக்கியதும் செல்வியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கொண்டுபோனார்கள். அன்று மாலையே மூச்சுக்குழாய் போட்டு, மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். நுரையீரலில் போன கஞ்சிதான் காரணம். அடைப்பு மட்டும் என்றால் பிழைத்திருப்பார். குழாய் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டு, கையால் பேசிக்கொண்டு இருந்திருப்பார்.

துக்கம் கேட்கப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது காதில் விழுந்தது. வீம்பிலேயே செத்தாள் என்றார் ஒருவர். புருசன் மூக்கைப் பிடித்து ஊற்றிக் கொன்றுவிட்டான் என்றார் இன்னொருவர். செல்வி என்னிடம் வந்தாள். "சிஸ்டர், எல்லாரும் இருக்காங்க. நீங்க சொல்லுங்க, எங்கம்மா வீம்பு புடிக்கலைன்னு. ஊத்தச் சொன்னது ஆருன்னும் சொல்லுங்க."

எழுந்து நின்றேன். "மூளையில அடைப்புங்க. வீம்பு இல்லை. யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றேன். முதல் பாதி உண்மை. பின் பாதி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. சின்னப்பையன் தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நாந்தானுங்க ஊத்துனேன்" என்று மட்டும் சொன்னார். எல்லார் கண்ணும் அவர் பக்கம் போனது. என் உதட்டிலும் நாக்கிலும் ஒரு நோயும் கிடையாது. இருந்தும் வாய் திறக்கவில்லை. மறுநாள் டாக்டர் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன் என்றேன்.

அதன் பிறகும் நாலு வருடம் அங்கே வேலை பார்த்தேன். எடப்புளிப் பக்கத்து ஆட்கள் வந்தால் மற்ற நர்ஸைப் பார்க்கச் சொல்லுவேன். நடிப்பு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. "செய்யவில்லை" என்று மட்டும் எழுதினேன். செய்ய மாட்டேன் என்கிறாரா, செய்ய முடியவில்லையா என்பது நமக்குத் தெரியாது என்று அதற்கு அர்த்தம். நீங்களும் அப்படியே எழுதுங்கள். நடிக்கிற பத்துப் பேரை மலையிறக்கினால் பத்துப் பேர் போனில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இரண்டு மாதத்துக்கு முன் மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். சின்னப்பையன் வீட்டில் தனியாக இருந்தார். செல்வி கல்யாணமாகிக் கீழே போய்விட்டாள். குச்சிக்கிழங்கை எடுத்துவிட்டு மறுபடி சாமை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும், ஊர் முன்னால் வந்து சொல்லத் தயார் என்றும் சொன்னேன். அழுகை வந்தது. அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே சிஸ்டர். நீங்க சொன்னதத்தான நான் செஞ்சேன். ஊர்ல சொல்லி இனி என்னாவப் போவுது? நான் ஒண்ணே ஒண்ணுதான் உங்கள்ட்ட கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்க."

"வீம்புன்னு நீங்க சொன்னது அவ காதுல உழுந்துச்சு. நானும் ரெண்டு நாளு அதையே சொல்லிச் சொல்லித்தான் ஊத்துனேன். வீம்பு இல்லைன்னு டாக்டர் வராந்தாவுலதான் சொன்னாரு. நான் அவகிட்டச் சொல்றதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு, மறுநாளு நான் வாரப்ப அவளுக்கு நெனவில்ல. வண்டியில நீங்கதான் கூட இருந்தீங்க. உம்புருசனுக்கு வெளங்கிருச்சு, நீ நடிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சுன்னு, அவகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "இல்லீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சாமைக் காட்டுப் பக்கம் திரும்பி, "அப்ப அவளுக்குத் தெரியாமயே போயிருச்சுங்க" என்றார்.